நோயில்லாதவர்களுக்கு மாத்திரை

எங்களுக்கு நோய் இல்லை என்று டாக்டர் சொன்னார். சொன்ன கையோடு, தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும், ஒரு வருஷத்துக்கு ஒருநாளும் விடக்கூடாது என்றும் சொன்னார். இந்த இரண்டு பேச்சையும் ஒன்றாக வைத்துப் புரிந்துகொள்ள எங்கள் அம்மாவால் கடைசிவரை முடியவில்லை.

"நோய் இல்லேங்கிறீங்க. அப்புறம் மருந்து எதுக்குங்க?"

"கிருமி உள்ளே போயிருக்கும்மா. போய்ப் பேசாம படுத்திருக்கு. உடம்பு தெம்பா இருக்கிற வரைக்கும் எழுந்திரிக்காது. என்னிக்காவது தெம்பு கொறைஞ்சா எழுந்து வேலையைக் காட்டும்."

"பேசாம படுத்திருக்கிறதை நாம எதுக்குங்க போய்க் கிளறணும்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "கிளறலம்மா. படுத்திருக்கும்போதே முடிச்சிடலாம்னு பாக்கறோம்."

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்குப் பதின்மூன்று வயது, அக்காவுக்குப் பதினெட்டு. ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து, கும்மிடிப்பூண்டியில் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காகப் போட்டிருந்த முகாமில் இருந்தோம். நீளமான தகரக் கொட்டகை. உள்ளே சாக்குகளைக் கட்டித் தடுத்து, ஒரு தடுப்புக்கு ஒரு குடும்பம் என்று விட்டிருந்தார்கள். பக்கத்துத் தடுப்பில் ஒருவர் புரண்டு படுத்தால் எங்களுக்குக் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில்தான் அப்பா இருமினார்.

அப்பா ரங்கூனில் ஒரு அரிசி ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர். ஆலையை அங்கத்து அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் வேலை போயிற்று. கப்பலில் வரும்போதே துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டுதான் இருமினார். சீக்காளி என்று தெரிந்தால் கரையில் இறக்கிவிடாமல் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். கேட்டவர்களிடம் உமித்தூசு நெஞ்சில் தங்கிவிட்டது என்றார். முகாமுக்கு வந்து சில மாதம் கழித்து அந்தத் துண்டை அம்மா துவைக்க எடுத்தபோது ரத்தம் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். சளியைப் பார்த்து டிபி என்றார்கள். ஊசி போட்டார்கள். ஆனால் நோய் ரொம்பவும் முற்றியிருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார்.

அம்மா முகாம் வாசலில் அடுப்பு போட்டிருந்தாள். சுரைக்காயை நீளநீளமாக நறுக்கி, மாவில் தோய்த்துப் பொரித்து, புளித்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பாள். ரங்கூனில் சாயங்காலமானால் தெருவுக்குத் தெரு கிடைக்கிற பலகாரம். முகாமில் எல்லோருக்கும் அந்த ருசிக்கு ஏக்கம் இருந்ததால் அடுப்பைச் சுற்றி எப்போதும் கூட்டம். அப்பாவுக்கு என்ன நோய் என்று தெரிந்த அன்றைக்கே கூட்டம் நின்றுபோயிற்று. துக்கம் கேட்க வந்தவர்கள்கூட தடுப்புக்கு வெளியே நின்று, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டுப் போனார்கள். அதன்பிறகு அம்மா எங்களைத் தெரியாத உள்ளூர் ஜனங்கள் நடமாடும் ரயில் நிலையத்துப் பக்கம் அடுப்பை மாற்றிக்கொண்டாள். ஊர் வாய்க்கு அம்மா ஏன் அப்படிப் பயந்தாள் என்பதைச் சொல்லவே இதைச் சொல்கிறேன். அவளுக்கு அது மானப் பிரச்சினை மட்டும் இல்லை. அடுத்த வேளைச் சோறே அதில்தான் இருந்தது.

அப்பா போன பிறகு டாக்டர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். கிருமி இருந்தால் தடிக்கும் என்று முன்கையில் தோலுக்கு அடியில் சின்னதாக ஒரு ஊசி போட்டு, சில நாள் கழித்து வந்து காட்டச் சொன்னார். மூன்று பேருக்குமே அந்த இடம் சிவந்து தடித்திருந்தது. அம்மாவுக்குத்தான் எல்லாரையும்விடப் பெரிய தடிப்பு. பட்டணத்துக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். மூன்று பேர் நெஞ்சும் சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் நான் முதலில் சொன்ன பேச்சு நடந்தது.

"எனக்குத்தானே பெருசா இருக்கு. எனக்கு மாத்திரை கிடையாதுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"நோய் வந்தவங்களுக்கே மாத்திரை பத்தலம்மா. வராதவங்களுக்கு ஏன் கொடுக்கிறேன்னு மேலே என்னைக் கேப்பாங்க. எல்லா எடத்திலேயும் இப்படிக் கொடுக்கறதும் இல்ல. சின்ன வயசுக்காரங்களுக்குத்தான் பயம் அதிகம். இவங்க ரெண்டு பேருக்காவது கொடுத்துடறேன்."

மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தவர் பொன்னேரிப் பக்கத்துக்காரரான ஒரு நர்சம்மா. நாற்பது வயதிருக்கும். வெள்ளைப் புடவை, தோளில் துணிப்பை, நடையில் எப்போதும் ஒரு வேகம். கொட்டகைக்குள் நுழையும்போதே குரல் கொடுத்துக்கொண்டு வருவார். அதுவே வினையாயிற்று. அந்தத் தடுப்புக்கு டிபி நர்ஸ் வருகிறது என்று பேச்சு கிளம்பியது. குழாயடியில் எங்கள் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைப்பதில்லை. அம்மா ஒருநாள் நர்சம்மாவைத் தனியாக அழைத்துப்போய்க் கெஞ்சினாள்.

"இன்னாம்மா, நான் வந்தா ஒனக்குப் பேஜாரா கீதா?" என்றார் நர்சம்மா. கோபம் இல்லை. "சரி, பொண்ணுங்களே வந்து வாங்கிக்கினு போவட்டும். ஆனா ஒரு வாரம் வரலன்னாலும் நான் வந்து நிப்பேன். அப்ப என்னிய கேக்காத."

அதிலிருந்து வாராவாரம் நானும் அக்காவும் ஆந்திராவுக்குப் போகிற பெரிய சாலையோரமாகச் சுகாதார நிலையத்துக்கு நடந்து போய்வந்தோம். அக்காவோடு நடப்பது எனக்குப் பிடிக்கும். கன்னம் இரண்டிலும் பர்மாக்காரிகள் பூசுவதுபோல் 'தனக்கா' என்கிற மரக்கட்டையை அரைத்து வெளிர்மஞ்சளாகப் பூசியிருப்பாள். அம்மா கப்பலுக்கு வெண்கலப் பானை கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா தன் மூட்டைக்குள் ஒளித்து எடுத்துவந்தது அந்தக் கட்டையைத்தான். லாரிக்காரர்கள் அந்தப் பூச்சைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் உள்ளூர்ப் பேச்சைப் பழகிக்கொண்டு, "இன்னா நைனா, இன்னாத்துக்குப் பாக்குற?" என்று அவர்களுக்குக் கேட்காமல் எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வாள். நான் சிரித்துச் சிரித்து நடக்க முடியாமல் நின்றுவிடுவேன். காலையில் மாத்திரையை விழுங்கியதும், "கிருமிக்கு இன்னிக்குக் காரியம் முடிஞ்சுது" என்று கையைத் தட்டிக்கொள்வாள்.

பாதி வருஷம்கூட ஆகியிருக்காது. அக்காவைப் பெண் கேட்டு வந்தார்கள்.

மாப்பிள்ளை வீடும் முகாமில்தான் இருந்தது, ஆனால் எங்கள் கொட்டகைக்கு எதிர்க்கோடியில். அரசாங்கம் தருகிற தொழில் கடனுக்கும், குடியமர்த்தப்போகிற வேறு ஊருக்கும் காத்திருக்காமல், எண்ணூரில் கட்டிக்கொண்டிருந்த மின்நிலையத்தில் வேலை பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தவர் மாப்பிள்ளை. லீவில் முகாமுக்கு வந்தபோது அக்காவைக் குழாயடியில் பார்த்துப் பிடித்துப்போய், அவரே தன் அம்மாவை அனுப்பியிருந்தார். அந்த அம்மாள் சுற்றி வளைக்கவில்லை.

"ஒங்க வீட்டுக்காரரு எதுல போனாருன்னு எல்லாருக்கும் தெரியும். அதைக் கேக்க வரல. பொண்ணுக்கு இருக்கான்னு கேக்கணும்ல? இங்கேருந்து யாரோ மாத்திரை வாங்கப் போறாகளாமே?"

அம்மா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "சின்னவளுக்குங்க. அவ கொஞ்சம் சீக்காளி. பெரியவ தொணைக்குப் போறா, அவ்வளவுதான்."

நான் வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். டம்ளரை வாங்கிக்கொள்ளவில்லை. கீழே வைக்கும்படி கண்ணால் காட்டினார். வைத்தேன். புறப்படும்வரை அதைத் தொடவில்லை.

அவர்கள் போனதும் நான் அழுதேன். "ரெண்டு பேருக்கும்தானேம்மா குடுத்தாரு?"

"ஒனக்கு இன்னும் அஞ்சாறு வருஷம் கெடக்கு. அதுக்குள்ள ஊரு மறந்துரும்" என்றாள் அம்மா. பிறகு அக்காவைப் பார்த்து, "நீ இனிமே அந்தப் பக்கம் போகாதே. நர்சம்மா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள்.

அக்கா என்னைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அவளும் மறுக்கவில்லை. "நான் நல்லாத்தானே இருக்கேன்? இருமுறேனா, இளைக்கிறேனா? அந்த டாக்டரே சொல்றாரு, வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்னு. அவருக்கே தெரியாததுக்காக வந்த எடத்தை விடச் சொல்றியா?" என்று என்னைக் கேட்டாள். மீதி இருந்த தன் மாத்திரைகளை என் டப்பாவில் கொட்டினாள். கல்யாணம் முகாமிலேயே நடந்தது. அத்தானும் அக்காவும் அத்திப்பட்டுப் பக்கம் உப்பளத்து ஓரமாக ஒரு குடிசை பிடித்துக் குடிபோனார்கள்.

அதற்குப் பிறகு மாத்திரைக்கு நான் மட்டும் நடந்தேன். முகாம் முழுக்க நான்தான் சீக்காளி என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சின் கோடி எனக்கு. தண்ணீர்ப் பானையில் மொள்ள என்னை விடமாட்டார்கள். ஒருத்தி மொண்டு என் உள்ளங்கையில் உயரத்திலிருந்து ஊற்றுவாள். எனக்கு நோய் இல்லை என்று கத்த வேண்டும்போல் இருக்கும். கத்தினால், பின்னே எதற்கு மாத்திரை என்று கேட்பார்கள். அதற்கு டாக்டர் சொன்ன பதிலை அந்த வயதில் யாருக்கும் விளங்கும்படி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அக்கா எங்கே என்று டாக்டர் கேட்டார். கல்யாணமாகி அத்திப்பட்டு போய்விட்டாள் என்றேன். பேனாவை மூடிக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார்.

"நெறைய பேருக்கு அது வாழ்நாள் முழுக்க எழுந்திரிக்கிறதே இல்ல. ஒங்க அக்காவும் அப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்றார். ஆனால் நர்சம்மாவை அழைத்து, அந்தப் பக்கம் போகும்போது ஒரு எட்டு பார்த்துவரச் சொன்னார்.

நர்சம்மா போனபோது நான் அங்கேதான் இருந்தேன். கோடை விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. அத்தான் வாசலில் உட்கார்ந்து சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் எண்ணூரிலேயே கிடந்தவர் என்பதால் நர்சம்மாவைப் பார்த்ததில்லை. அன்றைக்கு நர்சம்மா வெள்ளைப் புடவையும் கட்டியிருக்கவில்லை. வெயிலில் முகமெல்லாம் வியர்த்து வந்து நின்றார்.

"கும்முடிப்பூண்டி கேம்ப்லேர்ந்து வந்த பொண்ணு ஊடு இதுதானே?"

அக்கா வெளியே வந்தாள். நர்சம்மாவின் முகத்தை நேராகப் பார்த்து, "யாருங்க நீங்க? எனக்குத் தெரியலயே" என்றாள்.

நர்சம்மா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அத்தான் டியூபிலிருந்து நிமிர்ந்து மூவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"தப்பா வந்துட்டேன் போலக் கீது" என்றார் நர்சம்மா. "நான் தேடிக்கினு வந்தது வேற பொண்ணு. அதுவும் ஒன்ன மாதிரிதான் இருக்கும்." தோள்பையைச் சரிசெய்துகொண்டு, உப்பளத்து வரப்பில் திரும்பி நடந்தார்.

"பாவம், இந்த வெயில்ல அலையுது. ஒரு வாய் தண்ணி குடுத்திருக்கலாம்ல?" என்றார் அத்தான். அக்கா உள்ளே போனாள். நான் பின்னால் போனேன். அடுப்புக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எரியாத விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

நான் என் ஒரு வருஷத்தை முடித்தேன். டாக்டர் மாற்றலாகிப் போனார். முகாமிலிருந்து நிறையப் பேர் வேறு வேறு ஊர்களுக்குக் குடியேறிப் போனார்கள். அம்மா ரயில் நிலையத்து அடுப்பை விட மனமில்லாமல் பக்கத்திலேயே ஒரு கூரைவீடு பார்த்துக்கொண்டாள். எழுபதுகள் பிறந்தன. அக்காவுக்குப் பெண்குழந்தை பிறந்தது.

பிரசவத்துக்குப் பிறகு அவள் உடம்பு தேறவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். சாயங்காலமானால் காய்ச்சல். கன்னத்தில் எலும்பு தெரிந்தது. இருமலை அவள் அடக்கிய விதத்தைப் பார்த்ததும் எனக்கு அப்பாவின் துண்டு நினைவுக்கு வந்தது. துணியை வாயில் வைத்து அழுத்தி, தோள் குலுங்க, சத்தம் வராமல் இருமினாள்.

அத்தான் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். சளியில் கிருமி இருந்தது. இதற்கு முன்னால் ஏதாவது மாத்திரை சாப்பிட்டதுண்டா என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். அக்கா அத்தானை வைத்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிட்டாள். அன்று மத்தியானமே அவர் அக்காவையும் குழந்தையையும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

"சின்னவளுக்குன்னு சொன்னீங்களே அத்தை" என்றார் அம்மாவிடம். அம்மா தலைகுனிந்து நின்றாள். அவர் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, அக்காவின் பக்கம் திரும்பாமலே ரயிலுக்குப் போனார்.

சுகாதார நிலையத்தில் இப்போது வேறு டாக்டர். நர்சம்மா மட்டும் அதே ஆள். தினமும் ஊசி போட அவர்தான் வர வேண்டியிருந்தது. முதல்நாள் அவர் வாசலில் குனிந்து நுழைந்ததும் அக்கா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

"அன்னிக்கு நான் ஒங்களை..."

"அன்னிக்கி நடந்தத வுடு. சாப்ட்டியா? வெறும் வயித்துல கீறியா? மொதல்ல அத்த சொல்லு" என்றார் நர்சம்மா, ஊசியைக் கொதிக்கவைக்க அடுப்பைத் தேடிக்கொண்டே.

குழந்தைக்கு நோய் இல்லை. ஆனால் கிருமி ஏறியிருக்கும், தினமும் மாத்திரை கொடுக்க வேண்டும் என்றார் புது டாக்டர். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்றார். அக்கம்பக்கத்தார் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்கள். மாத்திரையைக் கரண்டிக் காம்பால் நுணுக்கி, சர்க்கரைத் தண்ணீரில் குழைத்துக் கொடுப்பது என் வேலை. அந்தக் குழந்தைக்கு என்ன தெரியும், துப்பும். நாக்கைச் சுழற்றி எல்லாவற்றையும் என் மேலேயே உமிழும். மறுபடி குழைத்துக் கொடுப்பேன். ஒரு வேளையும் விட்டுவிடக்கூடாது என்று எனக்கு ஒரு வெறியே பிடித்திருந்தது. யாராவது வந்து எதற்கு மாத்திரை என்று கேட்டால், டிபி வராமல் இருக்க என்று உரக்கச் சொன்னேன். வந்தவர்கள் அடுத்த தடவை வரவில்லை.

அம்மாவின் அடுப்பு மறுபடியும் அணைந்தது. ரயிலடியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவளிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன், அன்றைக்கு நீ நிறுத்தாமல் இருந்திருந்தால் இது வந்திருக்குமா என்று.

"நான் நிறுத்தலைன்னா அவளுக்குக் கல்யாணமே ஆயிருக்காது. இந்தப் புள்ளையும் இருந்திருக்காது" என்றாள். "மாத்திரை தின்னா வந்திருக்காதுன்னு ஒனக்கு யாரு சொன்னா? என்னையப் பாரு. எனக்குத்தான் எல்லாத்தையும்விடப் பெருசா வீங்குச்சு. நான் ஒரு மாத்திரை தின்னேனா? எனக்கு என்ன ஆச்சு?"

அவள் சொன்னது நிஜம். அம்மாவுக்கு அந்த நோய் கடைசிவரை வரவே இல்லை. அதை ஒரு நியாயமாக அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அக்காவுக்கு ஊசி போடும் நேரத்தில் மட்டும் வீட்டுக்குள் இருக்கமாட்டாள். கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வாள்.

அத்தான் ஒன்றிரண்டு மாதம் வரவில்லை. ஒருநாள் பால்பவுடர் டின்னோடு வேலிக்கு வெளியே வந்து நின்றார். அவருடைய தாய் போகவேண்டாம் என்று தடுத்திருக்கிறார், மீறி வந்திருக்கிறார். உள்ளே வரவில்லை. குழந்தையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டுப் போனார். பிறகு வாரம் தவறாமல் வந்து அதே இடத்தில் நின்றார். அக்கா உள்ளிருந்து பார்ப்பாள், வெளியே வரமாட்டாள். நர்சம்மாதான் ஒருநாள் அவரை வேலியிலேயே மடக்கினார்.

"இம்மாம் நாளு இவகூடக் குடித்தனம் பண்ணிக்கினு இருந்த. ஒனக்குப் பாத்தியா?"

கையோடு அழைத்துப்போய் முன்கையில் ஊசி போட்டு அனுப்பினார். அடுத்த தடவை வந்தபோது அத்தான் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலியருகே நின்றார். ஊசி போட்ட இடம் நன்றாகச் சிவந்து பொங்கியிருந்தது.

"எக்ஸ்ரே சுத்தமா கீதுன்னுட்டாங்க. நோவு இல்ல" என்றார் நர்சம்மா. "பெரியவங்களுக்குச் சும்மா குடுக்க மாத்திரை இல்ல. ஒடம்பப் பாத்துக்க. இருமல் நின்னுக்கினே இருந்தா ஓடியாந்துரு."

அத்தான் கையைப் பார்த்தபடியே இருந்தார். வீட்டுக்குள் கேட்கும்படி, "அப்ப எனக்கும் வருமா?" என்றார். நர்சம்மாவைக் கேட்டமாதிரி தெரியவில்லை.

அக்கா வாசல்வரை வந்தாள். அவர் கொண்டுவந்து விட்ட நாளுக்குப் பிறகு அவள் அவர் முன்னால் வந்தது அன்றுதான். நிலையைப் பிடித்துக்கொண்டு, "வந்தாலும் வரலாம். வராமலும் போகலாம்" என்றாள்.

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். அம்மா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எடுத்துக் குடித்தார்.

அக்கா சிகிச்சையை முழுதாக முடித்தாள். அதற்கு ஒரு வருஷத்துக்கும் மேலே ஆயிற்று. சளியில் கிருமி போய்விட்டது. ஆனால் ஒரு பக்கத்து நுரையீரல் பழுதாகிவிட்டது, பாரம் தூக்கக்கூடாது, இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றார்கள். அவளுடைய சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறிவிடும் என்பதால் சிரிப்பதையே குறைத்துக்கொண்டாள். குழந்தை கொழுகொழுவென்று வளர்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

அத்திப்பட்டுக்குத் திரும்பப் போகிற நாளில் ரயில் ஏற்றிவிட நானும் போனேன். அத்தான் முன்னாலேயே மூட்டைகளோடு ரயில் நிலையத்துப் படிப்பாலத்தின்மேல் ஏறி அந்தப் பக்கப் பிளாட்பாரத்தில் இறங்கிவிட்டார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். அக்கா கைப்பிடியைப் பிடித்து ஏறிக்கொண்டே வந்தவள், பாதியில் நின்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. ஏறுகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் பக்கத்தில் நின்றேன். எதிர்ப் பிளாட்பாரத்திலிருந்து அத்தான் இதைப் பார்த்தார். அவர் முகத்தில் எரிச்சலா பயமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பொன்னேரி தாண்டி அத்திப்பட்டு வழியாகப் போகிற பாசஞ்சர் வந்து நின்றது. அவர் அதில் ஏறவில்லை, மூட்டைகளை அங்கேயே விட்டுவிட்டுப் படியேறி வரவும் இல்லை. வண்டி கிளம்பிப் போனது.

"அடுத்த வண்டி எப்போ?" என்று கேட்டாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே.

சாயங்காலம்தான் என்றேன். "சரி, மெதுவாப் போலாம்" என்றாள். குழந்தை என் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டது.